வீடு இல்லை என்பதற்கு அத்தாட்சி

ஜூலை 28, திங்கள்

காற்று. துவைத்துப் போட்ட துணியெல்லாம் செம்மண் அப்பி, திரும்ப வாளிக்கே போயிற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த ஊரில் வெள்ளைச் சேலை வாங்குகிறவள் பைத்தியக்காரி. நான் இரண்டு வாங்கியிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டு அண்ணாச்சி. வழக்கமாக வாசலிலேயே வாடகையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர் இன்று உள்ளே வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார்.  கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். வீட்டை விற்கப் போகிறாராம். ஆகஸ்ட் முடிவதற்குள் நாங்கள் வாங்குவதானால் எங்களுக்கு. இல்லையென்றால் உப்புக் கம்பெனிக்காரர் ஒருவர் குடோன் கட்டக் கேட்டிருக்கிறார்.

"பதினோரு வருசமா இருக்கிய. ஒங்களக் கேக்காம குடுத்தா எனக்கு ஒறக்கம் வராது பாத்துக்கிடுங்க" என்றார். பிறகு விலையைச் சொன்னார். இனி எனக்கு வராது.

என் புருஷன் தோணிக்காரர். தோணி கரையில் கிடக்கிறது, இவர் வீட்டில் கிடக்கிறார். காற்று அடங்கி மாலத்தீவுக்குச் சரக்கு நடை தொடங்கும்வரை இப்படித்தான். அண்ணாச்சி போன பிறகு, "பாப்போம்ளா" என்றார். எதைப் பார்க்க? பார்க்கிறவள் யார் என்பது இருவருக்கும் தெரியும்.

பால்காரருக்குப் பாக்கி. கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

மதியம் வங்கிக்கு. டோக்கன் எடுத்து உட்கார்ந்தால் கடன் பிரிவு ஆபீசர் சாப்பிடப் போயிருக்கிறார். எனக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். அதை யாரிடம் சொல்ல?

துறைமுகக் கிளியரிங் ஆபீஸில் இத்தனை வருடம் காகிதத்தோடு மாரடித்தவள் நான். கன்டெய்னரை வெளியே எடுக்க என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வீட்டுக் கடன் அதற்கெல்லாம் அப்பன். கேட்டவை:

என் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (இருக்கிறது)
தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பிளான் அப்ரூவல் (அண்ணாச்சியிடம்)
இவருடைய வருமானச் சான்று (கடலில்)
போட்டோ எட்டு. எதற்கு எட்டு?

ஆபீசர் சின்ன வயதுப் பையன், மதுரைக்காரன், மரியாதை தெரிந்தவன். "சார் என்ன பண்றாங்க மேடம்?" என்றான். தோணியில் போகிறார் என்றேன். கப்பலா, டாலரில் சம்பளமா என்று முகம் மலர்ந்தான். மரத்தோணி, வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போவது, நடைக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள், வருடத்தில் நாலு மாதம் ஒன்றும் கிடையாது என்று விளக்கினேன். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. அவன் கம்ப்யூட்டரில் ஒன்று மாதச் சம்பளம், இல்லையென்றால் சொந்தத் தொழில். தோணிக்கு இடம் இல்லை.

"சாரோட வருமானத்த விட்டுருவோம் மேடம். உங்க சம்பளத்துலயே பாக்கலாம்."

நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் தம்பி.

மத்திய அரசின் வட்டி மானியம் கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கலாம் என்றான். "கிடைக்கலாம்" என்பது இந்த மாதம் நான் கேட்கப் போகிற வார்த்தை என்று தோன்றியது.

ஜூலை 31, வியாழன்

ஆபீஸில் ஷிப்பிங் பில் வராத நேரத்தில் எக்செல்லில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

1. வங்கிக் கடன் + மத்திய அரசு மானியம். வட்டி உள்ளதில் குறைவு. வருமானத்துக்கு ஒரு வரம்பு, கடனுக்கு ஒரு வரம்பு, வீட்டு விலைக்கு ஒரு வரம்பு, தரை அளவுக்கு ஒரு வரம்பு. நாலிலும் நாங்கள் உள்ளே. மானியம் நம் கையில் வராது. மொத்தமாகவும் வராது. வருடா வருடம் கடனில் கழியும். முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிட்டால் அப்புறம் தாங்கும். பெண் பேரில் வாங்கினால் வட்டியில் ஒரு துளி தள்ளுபடி உண்டாம். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ வெங்காயம்.

2. கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம். வட்டி கூடுதல், காகிதம் குறைவு. உறுப்பினராகச் சேர வேண்டும், பங்கு வாங்க வேண்டும், செயலாளர் கையெழுத்து வேண்டும். இங்கே செயலாளர் மாறுதலாகிப் போய்விட்டார். அடுத்தவர் எப்போது வருவார்? அங்கே இருந்த அம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள்.

3. வாரிய அடுக்குமாடி. நம் பங்கைக் கட்டினால் சாவி. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற நேரத்தில் ஒரு ஜெபமாலை சொல்லி முடித்துவிடலாம். பெரிய மகளுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஆபீஸ், இவருக்குப் பழைய துறைமுகம். யாருக்கும் ஆகாது.

எப்படிப் பார்த்தாலும் ஒன்றாவதுதான். மானியம் இல்லாமல் அதே கடன் என்றால் முடியாது. வட்டியைக் கட்டிவிட்டு அடுப்பில் தண்ணீர்தான் கொதிக்க வைக்கலாம்.

இவரிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். எது நல்லா இருக்கிறது என்று கேட்டதற்கு, "கலர் போட்டுருக்கல்லா, அது" என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

வங்கிக்கு இருவரும். இவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். வருமானம் வேண்டாம், கையெழுத்து மட்டும் வேண்டும்.

மானியத்துக்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம். நோட்டரி முன்னால் போட வேண்டியது. விண்ணப்பிக்கிறவர், கணவர், மணமாகாத பிள்ளைகள், யார் பேரிலும் இந்தியாவில் எந்த ஊரிலும் பக்கா வீடு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். இவர் என் முழங்கையைத் தொட்டார்.

வெளியே டீக்கடையில் வைத்துச் சொல்லுகிறார்: பிறந்த ஊரில் இருக்கிற வீட்டுக்கு வீட்டுத் தீர்வை ரசீது இவர் பேரில்தான் வருகிறதாம். கரண்ட் பில்லும்.

இவர் தங்கை அமலியின் கல்யாணத்தின்போதே அந்த வீட்டை அவளுக்கென்று கோயில் முற்றத்தில் பங்குச் சாமியார் முன்னாலும் ஊர்க் கமிட்டி முன்னாலும் கொடுத்தாயிற்று. நானும் அங்கேதான் நின்றேன். ஊர் முழுக்க அது அமலி வீடு. எழுதிக் கொடுக்கத்தான் வழியில்லை, நிலம் கோயிலுடையது. எங்கள் கடற்கரையில் தெருத் தெருவாக இப்படித்தான். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். பஞ்சாயத்து மட்டும் அதே பழைய பேரில் ரசீது போட்டுக்கொண்டிருக்கிறது. யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று இவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

திரும்ப உள்ளே போய் ஆபீசரிடம் கேட்டேன். அந்த வீட்டை ஈடாகக் காட்டிக் கடன் தருவீர்களா? பட்டா இல்லாத வீடு வங்கிக்கு வீடே இல்லை மேடம் என்றான். அப்படியென்றால் வீடு இல்லை என்று எழுதலாமா? ரசீது இருக்கே மேடம், அது வீடுதான் என்றான்.

கடன் கேட்டால் வீடு இல்லை. மானியம் கேட்டால் வீடு இருக்கிறது. பையனைத் திட்டிப் பயனில்லை. சட்டத்தை அவன் எழுதவில்லை. ஆனாலும் திட்டினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருநாள். உள்ளூர் விடுமுறை. எந்த ஆபீஸும் இல்லை.

கூட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள்: "அவ மருமவ வீடு வாங்கிட்டாளாம்." "யாரு குடுத்தா?" "லோனு." "அப்பம் வாங்கல, வாடகைக்குத்தான் இருக்கா, வங்கிக்கு." சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும்.

மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வீடு இருக்கக் கூடாது, வீடு வேண்டும் என்று கேட்டால் அவளுக்கே குழம்பும். நேரே நின்று அழுதுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பத்திரம் எழுதுகிறவர் பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள், எல்லாரும் போடுகிறார்கள், ஊர் ஊராக வந்து யார் பார்க்கப் போகிறார்கள்? முத்திரைத்தாளை வாங்கியே கொண்டுவந்துவிட்டேன்.

இவர் அதைத் தொடவே இல்லை. "நாளைக்கு ஒருத்தன் மொட்டக் கடுதாசி போட்டா மானியத்தத் திருப்பி வாங்குவான். ஒஞ் சம்பளத்துல பிடிப்பான்" என்றார். பயம். நேர்மை என்று நினைத்திருந்தேன். சரி, அதுவும் ஒரு காரணம்தான்.

எனக்கு இன்னொன்று தோன்றியது. உண்மையை எழுதினால் என்ன? அமலிக்குக் கொடுத்த வீட்டை அமலி பேருக்கே மாற்றிவிட்டால் உறுதிமொழியில் ஒரு எழுத்துப் பொய் இருக்காது. எத்தனையோ வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டியது. உடனே அமலிக்கு போன்.

விவரம் எல்லாம் சொன்னேன்.  லைன் போய்விட்டதோ என்று மூன்று தரம் அலோ சொன்னேன்.

"பாக்கேன் மைனி" என்றாள்.

என்ன பார்க்க? வீட்டை எழுதி வாங்கிக்கொள் என்று சொன்னால் யோசிக்கிற பெண்ணை இந்த உலகத்தில் எங்கே காண்பது? அண்ணன் மாதிரியே தங்கை. இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் "பார்ப்போம்"தான். வைத்துவிட்டேன்.

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

இரண்டாவது சனி. வங்கி லீவு. மறந்துபோய் வாசல்வரை போனேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் முதல் பூசை முடிந்ததும் திருச்செந்தூர் பஸ் பிடித்து ஊருக்குப் போனார். நான் போகவில்லை. போனால் சண்டை போட்டிருப்பேன்.

இருட்டிய பிறகு வந்தார், கையில் பொட்டலம் நெத்திலிக் கருவாடு. அமலி சம்மதித்துவிட்டாளாம். சாமியாரிடம் கடிதம் வாங்கியாயிற்று, கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் புருஷன் சிலுவை என்ன சொன்னார் என்று கேட்டேன். கடலுக்குப் போயிருந்தாராம், அவரிடம் பிறகு சொல்லிக்கொள்வதாக அமலி சொன்னாளாம். கூரையில் மழை இறங்குகிறதாம், ஓட்டுக்கு மேல் தார்ப்பாய் போட்டிருக்கிறார்களாம். கடல் பக்கத்துச் சுவர் உப்பு அரித்துப் பெயர்ந்து விழுகிறதாம். இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பஞ்சாயத்து ஆபீஸில் பேர் மாறியாயிற்று. தீர்வை ரசீது: அமலி, க/பெ சிலுவை. வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் கும்பிடுகிற கை ஒன்று அனுப்பினேன்.

நாளை சுதந்திர தினமும் மாதா பரலோகம் போன திருநாளும் ஒன்றாக. எனக்கு இரண்டு லீவு ஒரே நாளில் வீணாகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாயிற்று. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சியிடம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தமும் போட்டாயிற்று. வக்கீல் கருத்து வந்துவிட்டது. ஆபீசர், "சாங்ஷன் ஆகிடும் மேடம்" என்றான். "கிடைக்கலாம்" போய் "ஆகிடும்" வந்திருக்கிறது.

கிரயப் பத்திரம் யார் பேரில் என்று கேட்டான். மானியத்துக்குப் பெண் பேர் கட்டாயம், தனியாகவும் இருக்கலாம், சேர்ந்தும் இருக்கலாம். "ரெண்டு பேரு பேருலயும் போட்ருவோம், அதான் மரியாத" என்றார் இவர். சரி என்றேன். அதற்கு மேல் யோசிக்கச் சக்தி இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆபீஸில் இருக்கும்போது சிலுவை போன். எப்போதும் இவருக்குத்தான் பேசுவார். எனக்குப் பேசியதே இல்லை. எடுத்ததும் கத்தல்.

கடலரிப்பில் பாதித்த மீனவக் குடும்பங்களுக்கு மேட்டுப் பக்கம் பட்டாவோடு வீடு கொடுக்கிறார்களாம். சிலுவை போன வருடமே மனுக் கொடுத்து, பட்டியலில் பேரும் வந்துவிட்டதாம். இப்போது சரிபார்க்க வந்தவர்கள் பேரை அடித்துவிட்டார்களாம். காரணம், மனைவி பேரில் வீடு இருக்கிறது.

"ஒங்களுக்கு வீடு வேணும்னு எங்க வீட்ட எடுத்துட்டியளே அக்கா" என்றார். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அவர் குரல் உடையும் என்று நான் நினைத்ததே இல்லை.

 போனை வைத்துவிட்டு, சுங்கத்துக்குப் போகிற பில் ஆஃப் என்ட்ரியில் எண்ணைத் தப்பாக அடித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த மனுவைப் பற்றி அமலி போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. "பாக்கேன் மைனி" என்றாளே, அது இதுதானா? நான் என்னவென்று வைதேன் அவளை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டால், இவருக்கும் தெரியாதாம். இந்த வீட்டில் யாருக்காவது எதுவாவது முன்கூட்டித் தெரிந்திருக்கிறதா?

அந்த வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்கு நஷ்டம். இவர் பேரில் இருந்தால் எனக்கு மானியம் இல்லை, அமலி பேரில் இருந்தால் அவளுக்கு வீடு இல்லை. மழை ஒழுகுகிற, சுவர் பெயர்கிற ஒரு வீடு, இரண்டு குடும்பத்தை உள்ளே விடாமல் வாசலில் நிற்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ராத்திரி தூங்கவில்லை என்று எழுத வேண்டியதில்லை.

முடிவு. ரசீதைத் திரும்ப இவர் பேருக்கே மாற்றிவிடுவது. சிலுவை பேரைப் பட்டியலில் அடித்ததற்கு மேல்முறையீடு செய்ய இன்னும் நாள் இருக்கிறது என்று பஞ்சாயத்து கிளார்க் போனில் சொன்னார். "இப்பத்தானம்மா மாத்துனிய" என்று ஒரு முனகலும் உண்டு. மானியம் போகும். மானியம் போனால் கடன் தாங்காது. கடன் இல்லையென்றால் முன்பணம் அண்ணாச்சியிடம் நிற்கும், வீடு உப்புக்காரருக்குப் போகும். திரும்ப வாடகை வீடு தேட வேண்டும். சாமான் கட்ட வேண்டும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் எனக்குக் கூரை ஒழுகவில்லை. அவளுக்கு ஒழுகுகிறது. இதற்கு எக்செல் வேண்டாம்.

இவரிடம் சொன்னேன். "நீ சொன்னா சரி" என்றார். முதல் தடவையாக இவர் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து இருவரும் ஊருக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே. திருச்செந்தூருக்குப் போகிற கூட்டம், மொட்டை போட்ட பிள்ளைகள், சந்தன வாடை. அங்கே இறங்கி ஆட்டோ.

சிலுவை இல்லை, வலை வாங்கப் போயிருந்தார். இவர் சாமியாரைப் பார்த்துவிட்டு வருவதாகக் கோயிலுக்குப் போய்விட்டார். கஷ்டமான பேச்சு வரும்போது இவருக்குச் சாமியார் ஞாபகம் வரும். அமலியும் நானும் மட்டும். தண்ணீர் லாரி வந்திருந்தது, அவள் குடங்களை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு தூக்கினேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். ரசீதை மாற்றிவிடுவோம், நாளைக்கே பஞ்சாயத்துக்குப் போவோம், எங்கள் வீட்டை விட்டுவிட்டோம், நீ கவலைப்படாதே. மன்னிப்பும் கேட்டேன். நிறுத்தாமல் பேசினேன், நிறுத்தினால் அழுதிருப்பேன்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய ரசீதை எடுத்துக்கொண்டு வந்தாள். லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள்.

"மாத்த வேண்டாம் மைனி."

பட்டியலில் பேர் போய்விட்டதே, சிலுவை அழுதாரே என்றேன்.

"எனக்குத் தெரியும். நீங்க போன் பண்ணும்போதே தெரியும். அந்த வீடு வந்தா அவுக பேருல வரும். மனு அவுகதான் குடுத்தாக, அவுக மீனவர் அட்டைய வச்சு." ரசீதை முந்தானையால் துடைத்தாள். "கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல ஒரு சண்ட பாக்கி இல்ல மைனி. ஒவ்வொரு சண்டைக்கும், ஒங்க அண்ணன் வீட்டுலதான இருக்கேன்னு அவுக வெளிய எறங்கிப் போவாக. நானும் வாய மூடிக்கிடுவேன். ஊரு முன்னால எனக்குக் குடுத்த வீடுன்னு சொன்னா, காயிதத்தக் காட்டுன்னு சொல்லுவாக. போன வாரமும் சண்ட. நான் காட்டுனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. உள்ளதான் இருந்தாக."

கூரை என்ன ஆகும் என்று கேட்டேன். கூரையை மகளிர் குழுக் கடனில் மாற்றிவிடலாமாம், கேட்டுவிட்டாளாம். அதற்கு வீட்டு ரசீது அவள் பேரில் இருக்க வேண்டுமாம். இப்போது இருக்கிறது.

மகளிர் குழு. அது என் எக்செல்லின் மூன்றிலும் இல்லை.

மீன் குழம்பு வைத்தாள். சிலுவை வந்தார், என்னைப் பார்க்காமல் சாப்பிட்டார். இவர் எல்லாம் முடிந்த பிறகு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மாற்ற வேண்டாமாம் என்று மட்டும் இவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை.

வருகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நல்ல மனுஷன். ஒரு நாளும் வீட்டை விட்டு இறங்கிப் போனதில்லை, என்னையும் போகச் சொன்னதில்லை.

நாளை காலை ஆபீஸுக்கு முன்னால் பத்திரம் எழுதுகிறவரைப் பார்க்க வேண்டும். கிரயம் என் பேரில் மட்டும். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.